ஜூன் மாதத்துப் பெட்டி



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க"ன்னு மலர்க் குழுவினர் நாலு தடவை கேட்டுவிட்டார்கள். கவிதை எனக்கு வராது. சிவில் பிரிவுதானே, கான்கிரீட்டைப் பற்றி எழுதலாம் என்றால், அதைப் பரீட்சையிலேயே முழுசாக எழுதியதில்லை! ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியின் போர்டிங்கில் இருந்து படித்தவள் நான். ஏழு வருஷத்துக்கு ஏழு ஜூன். அதில் ஒன்றைக் கொரோனா கொண்டுபோனது, ஒன்றைச் செப்டம்பருக்குத் தள்ளியது. மிச்சம் இருக்கிற ஜூன்களின் கதை இது.

எங்கள் பக்கம் ஜூன் வந்தால் வீட்டுத் திண்ணையில் இரண்டே கேள்விதான். பள்ளிக்கூடம் எப்போ திறக்கும்? மேட்டூர் எப்போ திறக்கும்? 1934ல் கட்டி முடித்த அந்த அணையை ஜூன் 12ல் திறப்பது வழக்கம். ஆனால் 2012 தொடங்கி 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. நான் ஆறாவது சேர்ந்த 2017ல் அக்டோபர் 2ஆம் தேதிதான் திறந்தார்கள். தண்ணீர் மேட்டூரிலிருந்து கல்லணைக்கு வர மூணு நாலு நாள். அங்கிருந்து எங்களுக்கு வருவது கல்லணைக் கால்வாய், ஊர்ப் பேச்சில் புது ஆறு. அதுவும் மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டியதுதான். தஞ்சாவூர் ஊருக்குள்ளேயே ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று சுமார் 148 கிலோமீட்டர் போகிறது. நம்ம ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் சரிவு, வேகம் என்று போர்டு நிறைய எழுதுவார்களே, அந்தக் கணக்கின் கடைசி வரியில் இருக்கிற ஊர் எங்கள் ஊர். கடைமடை. எல்லோரும் எடுத்தது போக மிச்சம்.

2017 ஜூன் 7. வெயில் கடுமை என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டுத்தான் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் மழையும் இல்லை, ஆறும் இல்லை. அப்பா பட்டுக்கோட்டையில் ஒரு தகரப் பெட்டி வாங்கினார். பச்சை நிறம், மூடியில் ரெண்டு ரோஜாப்பூ. "கல்யாணத்துக்கு வாங்குற மாதிரில்ல வாங்கியிருக்கான்"னு அப்பாயி சிரித்தது. அதற்குள் போனவை: யூனிஃபார்ம் ரெண்டு செட், தட்டு, டம்ளர், தேங்காயெண்ணெய், நார்த்தங்காய் ஊறுகாய், அம்மா விடிய விடிய சுட்ட முறுக்கு, பேன் சீப்பு. கையில் பாயும் வாளியும். பஸ்ஸில் அந்த வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து வந்தேன், இடம் இல்லாததால்.

யூனிஃபார்ம் பாவாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும். எங்கள் வீடுகளில் வருஷா வருஷம் புதுசு எடுக்க முடியாது. அதனால் தைக்கும்போதே கீழே மூணு மடிப்பு உள்ளே மடித்துத் தைத்துவிடுவார்கள். ஒவ்வொரு ஜூனுக்கும் ஒரு மடிப்பைப் பிரிப்பது. பிரித்த இடத்தில் பழைய மடிப்பு ஒரு கருநீலக் கோடாக நிற்கும், மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்கும். எட்டாவது படிக்கிற அக்காமார் பாவாடையில் ரெண்டு கோடு இருக்கும். புதுசாகச் சேர்ந்த எங்களுக்கு அந்தக் கோடு போலீஸ்காரர் பட்டை மாதிரி தெரிந்தது!

போர்டிங்கில் பேர் கிடையாது, நம்பர்தான். துணி துவைத்துக் காயப்போட்டால் மாறிவிடாமல் இருக்க எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் நம்பர் தைக்கணும். நான் 39. பக்கத்தில் 40 இருந்தாள். முதல் வாரம் முழுக்க அழுது, ஞாயிற்றுக்கிழமை வந்த அவங்க அப்பாவோடு ஊருக்கே போய்விட்டாள். ஆக எனக்கு அடுத்த பாய் 41. இந்தக் கட்டுரை முழுக்க அவளை 41 என்றே சொல்கிறேன். பேர் போடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இன்றைக்கும் அவளை நினைத்தால் அந்த எண்தான் முதலில் வருகிறது.

அவள் திருவையாற்றுப் பக்கம். காவிரி, குடமுருட்டி எல்லாம் வாசலுக்கு எதிரே ஓடுகிற மாதிரி பேசுவாள். "உங்க ஊருக்குத் தண்ணி வர்றதுக்குள்ள நாங்க நட்டு, களையும் எடுத்து, உரமும் போட்டுடுவம்டி"ன்னு வம்புக்கு இழுப்பாள். அந்த வருஷம் அவங்க ஊரிலும் மணல்தான் ஓடியது என்பது வேறு விஷயம். போர்டிங்கிலும் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர். குளியல், துவையல் ரெண்டும் அதற்குள். வரிசையாகக் கூட்டிப் போகும்போது புது ஆற்றைத் தாண்டுவோம். உள்ளே பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆற்றில் தண்ணீர் பார்த்ததாக ப்ளஸ் டூ அக்கா ஒருத்தர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை.

காலையில் அஞ்சு மணிக்கு மணி. ஆறு முதல் ஏழரை ஸ்டடி. செவ்வாய் உப்புமா, அதற்கு நாங்கள் வைத்த பேர் 'சிமெண்ட்'. (அப்போதே சிவில் படிக்கப்போகிறேன் என்று தெரிந்திருக்கிறது பாருங்கள்.) மாதத்தில் ஒரு ஞாயிறு விசிட்டிங். பெட்டிப் பூட்டோடு ரெண்டு சாவி வரும். ஒன்றைத் தொலைத்துவிடுவோம் என்று நானும் 41ம் ஆளுக்கு ஒன்றை மாற்றி வைத்துக்கொண்டோம். அவள் பெட்டிச் சாவி என் அரைஞாண் கயிற்றில், என்னுடையது அவள் கழுத்துக் கயிற்றில்.

ஏழாவது சேர்ந்த 2018ல் ஜூலை 19ல் மேட்டூர் திறந்தது. தண்ணீர் வந்தது, வெள்ளமாகவே வந்தது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் ஒன்பது உடைந்தன. 1836ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை. கொள்ளிடத்தில் கரை தொட்டு ஓடிக் கடலுக்குப் போன அதே வாரத்தில், எங்கள் வாய்க்காலில் புல் முளைத்திருந்தது என்று அப்பா விசிட்டிங்கில் வந்து சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்து நவம்பர் 16, கஜா. தஞ்சாவூரில் எங்களுக்குக் காற்றும் கரண்ட் இல்லாததும்தான். ஊரிலிருந்து நாலு நாள் தகவல் இல்லை. அஞ்சாம் நாள் அப்பா வந்தார், லாரியில் ஏறி. வீட்டு ஓடு போச்சு, தென்னை அறுபதில் மிஞ்சினது ஏழு என்றார். அன்று ராத்திரி 41 ஒன்றுமே பேசாமல் என் பாயை இழுத்துத் தன் பாயோடு ஒட்டிப் போட்டாள். அடுத்த விசிட்டிங்கில் அவங்க அம்மா ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து, "இது உங்க வீட்டுக்கும்மா"ன்னு கேட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

2019 ஜூன் 3ல் பள்ளி திறந்தபோது நான் போகவில்லை. பெட்டி பரண் மேல் இருந்தது. "இந்த வருஷம் வேணாம், இங்கனயே பக்கத்துல படிக்கட்டும்"னு அப்பா முடிவெடுத்துவிட்டார். அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தால் அம்மா காதில் ஈர்க்குச்சி. தோட்டை எங்கே வைத்தாய் என்று அப்பாவும் கேட்கவில்லை. அவரே ஏறிப் பெட்டியை இறக்கினார். நான் போய்ச் சேர்ந்தபோது என் இடத்தில் யாரும் பாய் போடாதபடி 41 தன் வாளியை அங்கே வைத்திருந்தாள். பத்து நாளாக வாளியே இல்லாமல் அடுத்தவள் வாளியில் குளித்திருக்கிறாள்! அன்று ரெண்டாவது மடிப்பை அவள்தான் பிரித்துக் கொடுத்தாள், பிளேடு வாங்கி.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது, "ரெண்டு வாரத்துல வந்துடுவீங்க, பெட்டியெல்லாம் வேணாம், கைப்பை மட்டும் எடுத்துக்கோங்க" என்றார்கள். நாங்களும் தோள்பையோடு துள்ளிக் குதித்துப் போனோம். எழுபது எண்பது பெட்டிகளும் பெட்டி அறையில் தங்கிவிட்டன. அந்த ஜூன் 12ல், எட்டு வருஷம் கழித்து, மேட்டூர் சரியான தேதிக்குத் திறந்தது. தண்ணீர் வந்தது, பள்ளிக்கூடம் வரவில்லை. 2021 பிப்ரவரியில் ஒன்பதாவதுக்குக் கொஞ்ச நாள் வகுப்பு நடந்தது, எங்கள் போர்டிங் திறக்கவில்லை. வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு போய்விடும். ஆன்லைன் வகுப்பு என்ன லட்சணம் என்று உங்களுக்கே தெரியும்.

2021 ஜூன் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். 41. அவங்க அத்தை போனிலிருந்து பேசினாள். முதலில் மாடு கன்று போட்டது, தண்ணி வந்தது, எல்லாம் சொன்னாள். அப்புறம், "ஆவணியில கல்யாணம் வச்சிருக்காங்கடி எனக்கு" என்றாள். மாமன் மகன். கொரோனாவில் ஊரோடு பத்து பேரை வைத்து முடித்தால் செலவு மிச்சமாம். "சிஸ்டர்கிட்ட சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன். "ஐயையோ, வேணாம்டி. அப்பா தூக்குல தொங்கிடுவேங்கறாரு. யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள். சரி என்றேன். போனை வைத்துவிட்டேன்.

தோழர்களே, எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்று எழுதினால் அது பொய். எங்கள் பள்ளி கேட்டில் 1098 என்று கையகல எழுத்தில் எழுதியிருக்கும்; மூணு வருஷம் அதைத் தாண்டித்தான் போனேன். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகணும் என்பதும் தெரியும். ஏழாவதில் பேச்சுப் போட்டிக்குச் சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி மனப்பாடம் செய்து பரிசாக ஒரு சோப்பு டப்பாவும் வாங்கியிருக்கிறேன். பதினொரு வயதில் கல்யாணம், உடனேயே விதவை. அப்படியும் படித்து 1911ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கி, தன்னைப் போன்ற குழந்தை விதவைகளைத் தேடிப் பிடித்து, அவர்கள் தங்கிப் படிக்க இடம் உண்டாக்கினவர். திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் அவர் நடத்தியதுதான் நம்ம பெண்கள் விடுதிகளுக்கெல்லாம் பாட்டி வீடு. 1929ல் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினாலு வயது என்று வைத்தது, அதற்கே எத்தனை கூச்சல்! இதையெல்லாம் மைக்கில் கையை ஆட்டி ஆட்டிப் பேசியவள்தான், 2021ல் "சரி" என்று போனை வைத்தவளும்.

செப்டம்பர் 1ல் பத்தாவதுக்குப் பள்ளி திறந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, பாய்களுக்கு நடுவே சாக்பீஸ் கோடு. ராத்திரி சிஸ்டர் நம்பர் கூப்பிட்டார். "முப்பத்தொன்பது." "பிரசண்ட் சிஸ்டர்." "நாற்பத்தொன்று." யாரும் பேசவில்லை. நோட்டில் குனிந்தபடியே இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம் நாற்பத்திரண்டுக்குப் போய்விட்டார்.

டிசம்பரில் அவங்க அம்மா பெட்டியை எடுக்க வந்தார்கள். அரிசி மூட்டை கொடுத்த அதே அம்மா. "நல்ல எடந்தாம்மா, கண்ணுக்கு எதிர்லதான் இருக்கா" என்று நான் கேட்காமலேயே சொன்னார்கள். சாவி இல்லை என்றதும் சிஸ்டர் சுத்தியல் தேடினார். நான் என்னிடம் இருந்த சாவியைக் கொடுத்தேன். உள்ளே எல்லாம் பூசணம் வாசனை. பிஸ்கட் பாக்கெட்டை எறும்பு தின்று தாள் மட்டும் இருந்தது. கீழே யூனிஃபார்ம் பாவாடை. அதில் இன்னும் ஒரு மடிப்பு பிரிக்காமல் இருந்தது. அவங்க அம்மா அதை உதறிப் பார்த்துவிட்டு, மறுபடி அப்படியே மடித்து வைத்தார்கள். பெட்டியைப் பூட்டாமலே தூக்கிக்கொண்டு போனார்கள், சாவி என் கையிலேயே நின்றுவிட்டது.

பதினொன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. 2022ல் மே 24லேயே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள், எங்களுக்குப் ப்ளஸ் ஒன் தொடங்கினது ஜூன் 27. அந்த வருஷமும் தண்ணீர் எங்களை முந்திக்கொண்டது.

2023 வேறு மாதிரி. வெயிலால் ரெண்டு தடவை தள்ளி, கடைசியில் ஜூன் 12ல் பள்ளி திறந்தது. அன்றைக்குத்தான் மேட்டூரும் திறந்தது! விடுதியில் நான் இப்போது பெரிய அக்கா. ஆறாவதுப் பிள்ளைகளுக்கு நம்பர் தைக்கச் சொல்லிக்கொடுப்பது, அழுகிறவர்களுக்குக் கடலை மிட்டாய் கொடுப்பது என் வேலை. மூணு நாள் ஆகியும் பத்தாவது முடித்துப் ப்ளஸ் ஒன் சேர வேண்டிய ஒருத்தி வரவில்லை. அவள் சித்தப்பா மகள் ஏழாவதில் இருந்தாள். தலை வாரிவிடும்போது, "அக்காவுக்குப் பரிசம் போட்டாச்சு, வர்ற புதன்கிழம கல்யாணம்"னு சாதாரணமாகச் சொன்னாள், சீப்பில் சிக்கிய முடியை இழுத்தபடி.

பின்னலை முடிக்கவில்லை. ரிப்பனைக் கையில் பிடித்தபடியே ஆபீஸ் ரூமுக்குப் போனேன். சிஸ்டர் கேட்டுவிட்டு, போனை என் பக்கம் திருப்பி வைத்து, "நீயே பேசு, நான் கூட நிக்கிறேன்" என்றார். 1098. ஒரு அம்மா எடுத்தார். பேர், ஊர், என்ன வகுப்பு, அப்பா பேர், எந்தக் கோயிலில் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். உங்க பேரை வெளியில் சொல்ல மாட்டோம் என்றார். மொத்தம் ஆறு நிமிஷம். அவ்வளவுதான் வேலை. ரெண்டு வருஷம் முன்னாலும் இதே ஆறு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

அதிகாரிகள் போயிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள், அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊரில் அவங்க குடும்பம் தலைகுனிந்து நின்றதை நான் யோசிக்கவே இல்லை. யார் போன் பண்ணினது என்று விடுதியில் எல்லோருக்கும் தெரியும். தீபாவளி வரை அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு வரிசையில் நான் நின்றால் பின்னால் போய்விடுவாள். ஆனால் காலாண்டுத் தேர்வில் மூணாவது ரேங்க் எடுத்தாள்.

நான் ப்ளஸ் டூ முடித்து 2024ல் நேரடியாக ரெண்டாம் வருஷத்தில் இங்கே சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். நம்ம வகுப்புப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அதன் முழுப் பேர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். நம்ம டெல்டாக்காரர்தான், மூவலூர் மாயவரம் பக்கம். 2022 செப்டம்பர் 5ல் அரசுப் பள்ளிப் பெண்களுக்குத் தொடங்கினார்கள். அதை 2024 டிசம்பர் 30ல் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த எங்களுக்கும் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அதே அம்மையார் பேரில் இருந்தது திருமண உதவித் திட்டம், அதாவது தாலிக்குத் தங்கம்! பேர் அப்படியே இருக்க, தாலியிலிருந்து காலேஜுக்கு வந்த பணம் அது. முதல் ஆயிரத்தில் அம்மாவுக்குத் தோடு வாங்க முடியவில்லை, கவரிங் வாங்கினேன். அம்மா திட்டினது. போட்டுக்கொண்டது.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து "ஏய், முப்பத்தொன்பது!" என்று குரல். திரும்பினால் 41. புடவை, இடுப்பில் மூணு வயசுப் பையன், கையில் மருந்துக் கவர். ரெண்டு பேருக்கும் பத்தொன்பது வயது, ஆனால் பார்க்கிறவர்கள் அவளை எனக்கு அக்கா என்பார்கள்.

பையனுக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். 'சிமெண்ட்' உப்புமா இன்னும் போடுகிறார்களா என்று கேட்டாள். சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, "நீ ஏண்டி அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லல?" என்றாள்.

"நீதானே சொல்ல வேணாம்னே."

"ஆமா, சொன்னேன். எனக்குப் பதினஞ்சு வயசுடி."

எனக்கும் பதினஞ்சுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பர்ஸில் சாவி இருந்தது, எடுத்து நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இதையா வச்சிருந்தே? அந்தப் பெட்டியில ரேஷன் அரிசில்ல கொட்டி வச்சிருக்கேன், பூட்டெல்லாம் எங்க இருக்கு" என்றாள். ஆனாலும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எட்டாவது பாஸ் இருந்தால் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதலாம், அறிவியலுக்குச் செய்முறை வகுப்புக்கு மட்டும் பேர் பதியணும், பத்தாவது முடித்தால் டிப்ளமோவுக்கே போகலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன், என்னவோ ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பையன் வாயைத் துடைத்தாள். மாமியாருக்கு முட்டி வலி, நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றாள். அதற்குள் திருவையாறு பஸ் வந்துவிட்டது. பையனை முதலில் ஏற்றி, சன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

பஸ் நகரும்போது சன்னலில் தலையை நீட்டி, "கணக்குப் புஸ்தகம் பழசு இருந்தா எடுத்து வைடி, சும்மா பாக்குறேன்" என்று கத்தினாள்.

பத்தாவது புஸ்தகமெல்லாம் என் பச்சைப் பெட்டியில்தான் இருந்தது. ஊருக்குப் போனதும் பரணில் ஏறப் போனேன். "சேலைத்தலைப்பு எல்லாம் ஒட்டடை ஆயிடும், எறங்கு, நான் எடுக்குறேன்" என்று அப்பா ஏணியைப் பிடித்தார்.

— இறுதியாண்டு சிவில் மாணவி